வீட்டுப் பாத்தியில் கொத்துப் பூ: மழைக் கணக்கும் காம்புக் கணக்கும்

விதைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 'கடைசி உறைபனி கழிந்த பிறகு விதைக்கவும்' என்று போட்டிருக்கும். பினாங்கில் உறைபனி பார்க்க வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜின் மேல்தட்டைத்தான் திறக்க வேண்டும். ராத்திரி 24 டிகிரி, பகல் 32 டிகிரி, ஜனவரியோ ஜூலையோ பெரிய வித்தியாசம் கிடையாது. அதனாலேயே இங்கே நர்சரியில் யாரைக் கேட்டாலும் 'எப்ப வேணும்னாலும் போடலாம்' என்பார்கள். வெண்டைக்கும் மிளகாய்க்கும் அது ஓரளவு சரி. நீளக் காம்போடு வெட்டி ஜாடியில் வைக்கிற பூவுக்குச் சரியே இல்லை. நம்ம ஊருக்கும் பூப் பருவம் உண்டு, அதைத் தீர்மானிப்பது வெயில் அல்ல மழைதான் என்பது நான் எழுதி வைத்திருக்கும் நோட்டைப் புரட்டினால் பளிச்சென்று தெரிகிறது. அந்த நோட்டில் என்ன எழுதுகிறேன், அதை வைத்து எதை நடுகிறேன், எதைக் கைவிடுகிறேன் என்பதுதான் இந்தப் பதிவு.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். குளுகோர் பக்கம் ஒரு கார்னர் லாட் டெரஸ் வீடு, அதாவது வரிசை வீடுகளில் ஓரத்து வீடு. பக்கச் சுவரை ஒட்டி ஆள் படுக்கிற அகலத்துக்கு நீளமாக ஒரு துண்டு நிலம், முன்னால் கார் போர்ச்சுக்கும் வேலிக்கும் நடுவில் இன்னொரு சின்னத் துண்டு. தாமான் (குடியிருப்பு) கட்டினவர்கள் கொட்டிவிட்டுப் போன செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும்தான் அடியில் இருக்கிறது, மண்வெட்டி இறங்காது. அதனால் இரண்டு வரிசைக் கல் அடுக்கி மேடான பாத்தியாக்கி, மூட்டையில் விற்கிற கருப்பு மண்ணும் மக்கின எருவும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிரப்பினோம். கனமழை சத்தை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் உரத்தை ஒரேயடியாகப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போடுகிறேன். மண்ணைப் பற்றி இவ்வளவு போதும்.

எங்கள் வீட்டில் முதலில் புரியவைக்க வேண்டியிருந்தது காம்பைப் பற்றித்தான். நம்மவர்களுக்குப் பூ என்றால் கிள்ளுவது, தொடுப்பது, சாமிக்குச் சாத்துவது, தலையில் வைப்பது. காம்பு என்பது பூக்கட்டும்போது கிள்ளி எறிகிற சமாச்சாரம். செண்டுமல்லியை நான் முழங்கை நீளத்துக்கு வெட்டுவதைப் பார்த்து அம்மா, "இவ்வளவு காம்பு எதுக்குடா, பூவை மட்டும் கிள்ளிக் குடு, படத்துக்கு வைக்கிறேன்" என்பார். அம்மா கிள்ளுகிற இடத்திலிருந்து அடுத்து வரும் கிளைகள் எல்லாம் விரல் நீளம்தான் இருக்கும், ஜாடிக்கு ஆகாது. கீழே, தண்டில் நாலைந்து இலை மட்டும் மிச்சம் இருக்கும்படி ஆழமாக வெட்டினால், அந்தக் கணுக்களிலிருந்து வருகிற கிளை நீளமாக, விறைப்பாக எழும்பும். சண்டை வேண்டாமென்று பாத்தியின் ஒரு முனையை அம்மாவுக்கே ஒதுக்கிவிட்டேன். அங்கே கனகாம்பரமும் மல்லிகையும் அவர் ராஜ்ஜியம், நான் கத்தரிக்கோலோடு அந்தப் பக்கம் போவதில்லை.

சரி, நோட்டுக்கு வருவோம். ஆரம்பத்தில் கம்ப்யூட்டரில் எக்செல் தாளில்தான் போட்டேன், கலர் கலராகக் கட்டங்கள் வேறு. ஆனால் காலையில் கையெல்லாம் மண்ணாக இருக்கும்போது யார் போய் அதைத் திறப்பது? பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில், இரண்டும் செருப்பு அலமாரி மேலேயே கிடக்கும். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை ஓடிவிடும். ஒவ்வொரு விதைப்புக்கும் ஒரு பக்கம். விதைத்த தேதி, முளைத்த தேதி, நாற்றை மாற்றி நட்ட தேதி, நுனி கிள்ளிய தேதி, முதல் பூ வெட்டிய தேதி, கடைசிப் பூ வெட்டிய தேதி. அப்புறம் வெட்டிய ஒவ்வொரு நாளும் எத்தனை காம்பு, நீளம் ஏறக்குறைய எவ்வளவு, ஜாடியில் எத்தனை நாள் நின்றது. கீழே காலியாக விட்ட இடத்தில் புலம்பல்: நத்தை, மாவுப்பூச்சி, இலையில் புள்ளி, பக்கத்து வீட்டுப் பூனை.

இதில் எல்லாரும் செய்கிறது செடியை எண்ணுவது. 'என்கிட்ட இத்தனை ஜினியா செடி இருக்கு' என்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. எண்ண வேண்டியது காம்பை. ஒரு சதுர அடி இடம் தன் காலம் முடிவதற்குள் எத்தனை நல்ல காம்பு தந்தது என்று பார்த்தால் யார் உழைக்கிறார்கள், யார் உட்கார்ந்து தின்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஒற்றைத் தண்டு சூரியகாந்திக்கு ஒரு செடிக்கு ஒரு பூதான், வெட்டினதும் கதை முடிந்தது. அதே இடத்தில் வாடாமல்லி மாதக்கணக்கில் தந்துகொண்டே இருக்கும். கண்ணுக்கு சூரியகாந்தி பெரிதாகத் தெரிவதால் அதுதான் நிறையத் தருகிற மாதிரி மனசு நம்பும், நோட்டு நம்பாது.

இன்னொன்று போட்டோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரே கல்லின் மேல் நின்று ஒரே கோணத்தில் ஒரு படம். அழகான படமாக இருக்க வேண்டியதில்லை. தினமும் பார்க்கிற செடி வளர்வது நமக்குத் தெரியாது, நாலு ஞாயிறு படத்தை வரிசையாக வைத்தால் எந்த மூலை பின்தங்குகிறது, எங்கே நிழல் விழுகிறது என்பதெல்லாம் தெரியும். கீழே செவ்வந்தியைப் பற்றிச் சொல்லப்போகிற விஷயம் அந்தப் படங்களில் கண்டுபிடித்ததுதான்.

மழையை அளக்க ஒரு நேரான பாட்டில், உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல். கடையில் வாங்குகிற மழைமானி எல்லாம் தேவையில்லை, வாயும் அடியும் ஒரே அகலத்தில் இருந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கு பிடிபட்ட பிறகு 'நேற்று தூறல் போட்டதே, இன்று தண்ணீர் ஊற்ற வேண்டாம்' என்கிற சோம்பேறித்தனம் போய்விட்டது, ஏனென்றால் ஊரே நனைந்த மாதிரி தெரிகிற தூறலில் பாட்டிலில் இரண்டு மில்லிமீட்டர்கூட நிற்காது. அளந்ததும் கவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மழைமானி அல்ல, கொசுப் பண்ணை.

பினாங்கின் மழைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரிலிருந்து மார்ச் வரை கிழக்குக் கரையில் கிளந்தான், திரெங்கானு பக்கம் வெள்ளமாகக் கொட்டும். நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் நிற்பதால் நம் பக்கம் வருவதற்குள் காற்று வறண்டுவிடுகிறது. அதனால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நமக்கு வெயில் காலம், ஜனவரியில் சராசரி மழை 100 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு சுற்று மழை. அப்புறம் செப்டம்பர், அக்டோபரில்தான் உச்சம், மாதத்துக்கு 300 மில்லிமீட்டருக்கும் மேலே. இதுபோக, தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து கிளம்பி வருகிற சூறைக்காற்று. அரை மணி நேரம்தான் அடிக்கும், ஆனால் ஆளுயர சூரியகாந்தியை வரிசையாகப் படுக்கவைத்துவிட்டுப் போகும்.

ஆக, பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு மூன்றும் விழுகிற வறண்ட மாதங்கள்தான் நம் பூப் பருவம். தீபாவளி நேர்மாறு. மழை உச்சத்திலோ அதன் வாலிலோ வரும், அதற்கென்று வளர்க்கிற பூவெல்லாம் நனைந்து புள்ளி விழுந்து நிற்கும். என் நோட்டில் தீபாவளிப் பக்கங்களும் பொங்கல் பக்கங்களும் வேறு வேறு ஊரில் எழுதினதைப் போல இருக்கின்றன. அதே விதை, அதே மண், அதே ஆள்.

ஜினியாவை வைத்து இதை விளக்கினால் தெளிவாக இருக்கும், ஏனென்றால் வீட்டில் கொத்துப் பூ வளர்க்க நினைக்கிற எல்லாரும் முதலில் போடுவது அதைத்தான். சொந்த ஊர் மெக்சிகோ. காஸ்மோஸ், செண்டுமல்லி, சம்பங்கி, டேலியா எல்லாமே அந்தப் பக்கத்துச் சரக்குதான், வெயில் பிடிக்கும், இலை நனைவது பிடிக்காது. நம் ஊர் சூட்டில் ஜினியா விதை நாலைந்து நாளில் முளைத்துவிடும், விதைத்து இரண்டு மாதத்துக்குள் பூ. ஒரு சாண் உயரம் தாண்டியதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். மனசு வராது, ஆனால் கிள்ளாவிட்டால் நடுவில் ஒரு பூ, சுற்றிலும் குட்டை. கொத்துக்கென்றே இருக்கிற ரகம் 'பெனரிஸ் ஜயண்ட்', நல்ல உயரம், பெரிய பூ. நர்சரியில் தொட்டியில் பூத்துக்கொண்டு நிற்கிற 'ப்ரொஃப்யூஷன்' ரகம் நோயைத் தாங்கும், ஆனால் குட்டை இனம், ஜாடிக்கு உதவாது.

கனமழை விழுந்து ஒரு வாரம் போனால் ஜினியா இலையில் பழுப்புப் புள்ளிகள். பாக்டீரியாவும் வரும், பூஞ்சணமும் வரும், இரண்டுமே மண்ணிலிருந்து தெறிக்கிற தண்ணீரில் அடி இலையிலிருந்து மேலே ஏறும். வறண்ட மாதத்தில் புள்ளி கிடையாது, ஆனால் வயதான செடியில் வெள்ளைப் பவுடர் போட்ட மாதிரி சாம்பல் நோய். மருந்து அடிக்க எனக்கு விருப்பமில்லை, பூவை வெட்டி சாப்பாட்டு மேசையில் வைக்கிறோம். அதனால் மூன்று வேலை செய்கிறேன். செடிக்குச் செடி ஒரு சாணுக்கு மேல் இடைவெளி, மண் தெரியாமல் காய்ந்த புல் மூடாக்கு, தண்ணீர் எப்போதும் அடியில் மட்டும். செப்டம்பர், அக்டோபரில் ஜினியாவைத் திறந்த பாத்தியில் போடுவதே இல்லை. போர்ச்சின் ஆவ்னிங் (நீட்டிய மறைப்புக் கூரை) விளிம்புக்குக் கீழே மழை விழாமல் சாய்ந்த வெயில் மட்டும் படுகிற ஒரு முழ அகலம் இருக்கிறது, அங்கே நாலு செடி. எண்ணிக்கை குறைவு, ஆனால் இலை சுத்தம்.

வெட்டுகிற நேரத்தில் ஜினியாவுக்கு ஒரு சோதனை உண்டு. பூவுக்குக் கீழே ஒரு சாண் தள்ளித் தண்டைப் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும். கழுத்து தொளதொளவென்று ஆடினால் இன்னும் ஆகவில்லை, வெட்டினால் அன்றைக்கே தலை தொங்கிவிடும். குச்சி மாதிரி விறைப்பாக நின்றால் வெட்டலாம். வெட்டின பிறகு ஜினியா மேற்கொண்டு மலராது, அதனால் முழுசாக விரிந்த பிறகுதான் கத்தரி. ஃப்ரிட்ஜில் வைத்து வாழவைக்கலாம் என்று நினைக்க வேண்டாம், குளிர் அதற்கு ஆகவே ஆகாது.

இப்போது பகல் நீளம். மழைக்கு அடுத்தபடியாக நம் ஊரில் பூவைத் தீர்மானிக்கிறது இதுதான், ஆனால் யாரும் பேசுவதில்லை. பினாங்கு பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறது. ஜூனில் பகல் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம், டிசம்பரில் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் ஏற்ற இறக்கம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடையில் பதினைந்து, பதினாறு மணி நேரப் பகலில் செடி உயரமாக வளர்ந்து, பிறகுதான் பூக்கும். இங்கே ராத்திரி எப்போதுமே நீளம். 'ராத்திரி நீண்டால் பூ' என்கிற குணமுள்ள செடிகளுக்கு முளைத்த நாளிலிருந்தே பூக்கச் சொல்லி உத்தரவு வந்துவிடுகிறது. காஸ்மோஸ் பாக்கெட்டில் மார்பு உயரம் என்று போட்டிருக்கும், இங்கே இடுப்புக்கு வருவதற்குள் பூத்துத் தள்ளிவிடும். கோழிக்கொண்டையும் இப்படித்தான், அதுவும் நாற்றுத் தட்டில் வேர் சுற்றிக்கொண்டு பட்டினி கிடந்தால் விரல் உயரத்திலேயே கொண்டை வைத்துவிடும். அதை நேராகப் பாத்தியில் தூவுகிறேன், இல்லாவிட்டால் நாலு இலை விட்டதும் மாற்றிவிடுகிறேன்.

செவ்வந்திக்கு வருகிறேன். சீனப் புத்தாண்டுக்கு வாங்குகிற மஞ்சள் செவ்வந்தித் தொட்டியைப் பண்டிகை முடிந்ததும் பலரும் குப்பையில் போடுவார்கள். அதிலிருந்து நுனித் துண்டுகளை வெட்டி மணலில் குத்திவைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். தொட்டிச் செவ்வந்திக்குப் பண்ணையில் குட்டையாக்கும் மருந்து தருவது வழக்கம், அது தீர்ந்ததும் அதன் பிள்ளைகள் கொஞ்சம் உயரமாகவே வளரும். வேலியோரம் ஒரு வரிசை நட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, வீட்டுப் பக்கம் இருந்த செடிகள் முழங்கால் உயரத்திலேயே மொட்டுக் கட்டியிருக்க, கேட்டை ஒட்டியிருந்தவை மொட்டே இல்லாமல் வளர்ந்துகொண்டே போயிருந்தன. மண்ணில் வித்தியாசமா, உரத்திலா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு நேர் மேலே தெரு விளக்கு.

காரணம் இதுதான். செவ்வந்திக்குப் பகல் 13, 14 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இலையும் தண்டும், அதற்குக் கீழே இறங்கினால் மொட்டு. ராத்திரியில் வெளிச்சம் விழுந்தால் அதற்கு நீண்ட ராத்திரி என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. கேமரன் மலையில் ராத்திரியில் பிளாஸ்டிக் கூரைகளுக்குள் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கோ காவலுக்கோ இல்லை, செவ்வந்தியைத் தூங்கவிடாமல் வைத்து, காம்பு தேவையான நீளத்துக்கு வந்ததும் விளக்கை நிறுத்துவதற்குத்தான். நிறுத்தின பிறகு ரகத்தைப் பொறுத்து எட்டிலிருந்து பத்து வாரத்தில் பூ. அதையே இப்போது வீட்டில் சின்ன அளவில் செய்கிறேன்: செவ்வந்தி வரிசைக்கு மேலே மஞ்சள் வெளிச்சம் தருகிற ஒரு எல்இடி பல்பு, டைமர் வைத்து இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை. செடி முழங்காலைத் தாண்டியதும் பல்பைக் கழற்றிவிட்டு, தெரு விளக்கு படுகிற பக்கத்தில் ஒரு பழைய தகரத்தை மறைப்பாக வைக்கிறேன். பக்கத்து வீட்டு சீன ஆண்ட்டி இரண்டு ராத்திரி பார்த்துவிட்டு, செடிக்கு எதற்கு லைட், அதற்கும் படிக்கிற வேலை இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். விளக்கிச் சொன்னதும் தன் சீன மாதத்து முதல் தேதி, பதினைந்தாம் தேதி பூஜைக்கு எத்தனை காம்பு தேறும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விளக்குப் போட்டாலும் நம் வீட்டுச் செவ்வந்தி கேமரன் செவ்வந்தி ஆகாது. ராத்திரி வெக்கையில் மொட்டு மெதுவாகத்தான் முதிரும், நிறமும் வெளிறும். 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிற மலைக் குளிரை டைமரில் கொண்டுவர முடியாது. ரோஜாவும் அப்படித்தான், மொட்டு காலையில் இருக்கும், சாயங்காலம் முழுசாக விரிந்து கொட்டிவிடும், இலையில் கரும்புள்ளி. கொத்துக்கென்று ரோஜா வளர்ப்பதை நிறுத்திவிட்டேன், பன்னீர் ரோஜா ஒன்று மட்டும் அம்மா மூலையில் இருக்கிறது.

சூரியகாந்தியில் மகரந்தம் கொட்டாத ஒற்றைத் தண்டு ரகங்கள்தான் ஜாடிக்கு நல்லது, மேசை விரிப்பில் மஞ்சள் தூள் விழாது. 'ப்ரோகட்' வரிசை பகல் நீளத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது என்பதால் இங்கே ஒழுங்காக உயர்கிறது. நெருக்கி, ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் போட்டால் பூ கைக்கு அடக்கமாக வரும், தள்ளிப் போட்டால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வந்து எந்த ஜாடியிலும் நிற்காது. இதழ்கள் எழும்ப ஆரம்பித்ததுமே வெட்டிவிட வேண்டும், மீதியை ஜாடியில் விரித்துக்கொள்ளும்.

நம் ஊர் பூ என்று எனக்குப் பெருமையாகச் சொல்லத் தோன்றுவது சம்பங்கியைத்தான், சொந்த ஊர் மெக்சிகோவாக இருந்தாலும். கிழங்கு நட்டு மூன்று நாலு மாதத்தில் தண்டு விடும். அடியில் இரண்டு மூன்று பூ விரிந்ததும் வெட்டினால் மேலே வரிசையாக மலர்ந்துகொண்டே போகும். மலாய்க்காரர்கள் 'செடாப் மாலாம்' என்பது சரியான பெயர், ராத்திரிதான் மணம் வீட்டைத் தூக்கும். மழை மாதத்தில் கிழங்கு அழுகாமல் இருக்கத் தண்ணீர் வடிகிற மேட்டில் நட வேண்டும், அது ஒன்றுதான் கேட்கிறது. நோட்டில் புலம்பல் பகுதி காலியாக இருக்கிற இரண்டு பக்கங்களில் ஒன்று இது, இன்னொன்று வாடாமல்லி. வாடாமல்லியை மழை, வெயில், மறதி எதுவும் ஒன்றும் செய்வதில்லை. உயரமான ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ஜாடியில் பார்த்து அலுத்தால் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தலாம், நிறம் அப்படியே நிற்கும்.

இலைகளை மறந்துவிடாதீர்கள். பூ மட்டும் வைத்தால் கொத்து மொட்டையாக இருக்கும். திருநீற்றுப் பச்சிலைக்கு வெயில் வேண்டும்; பாண்டான் இலை, கார்டிலைன், ஃபெர்ன், இதெல்லாம் நிழல் மூலையில் தானாக வளரும். பாண்டான் இலையை மடித்துச் செருகினால் மணமும் கூடவே வரும். காந்தான் (இஞ்சி இனத்துச் செடி) பூவின் நீளத் தண்டு ஒரு ஜாடியில் தனியாக நின்றால் ராஜகம்பீரம்தான், ஆனால் புதர் வீட்டுக் கூரையைத் தொடப் பார்க்கும், டெரஸ் வீட்டுக்கு ஆகாது. ஆண்ட்டி வீட்டில் பின்பக்கம் ஒன்று இருக்கிறது. மொட்டாக இருக்கும்போதே லக்சாவுக்கு நறுக்கிவிடுகிறார், நான் கேட்பதற்குள்.

வெட்டுவதற்கு நேரம்: விடியும்போது. நமக்குச் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கிறது, அதனால் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் கிடைக்கும். வாளியில் தண்ணீரோடு போய், வெட்டினதை உடனே தண்ணீரில் போட்டு, தண்ணீருக்குள் மூழ்குகிற இலைகளை எல்லாம் உருவிவிட்டு, நிழலில் இரண்டு மணி நேரமாவது வைத்த பிறகுதான் ஜாடி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, சில சொட்டு குளோராக்ஸ் (துணி வெளுக்கிற திரவம்). சர்க்கரை பூவுக்குச் சாப்பாடு, குளோராக்ஸ் அந்தச் சாப்பாட்டுக்கு வருகிற கிருமிகளைத் துரத்த. குளோராக்ஸ் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்டால் மறுநாளே தண்ணீர் நாறும்.

ஜாடியில் எத்தனை நாள் நின்றது என்று எழுத ஆரம்பித்த பிறகு ஒரு விநோதம் கண்ணில் பட்டது. ஒரே நாள் வெட்டின டெண்ட்ரோபியம் ஆர்க்கிட், ஹாலில் இருந்தது வாரக்கணக்கில் நின்றது, சாமி அறையில் இருந்தது சீக்கிரமே உதிர்ந்தது. சாமி குற்றம் எதுவும் இல்லை, பக்கத்தில் தட்டு நிறைய வாழைப்பழம். பழுக்கிற பழம் எத்திலீன் என்கிற வாயுவை விடும், அது பூவையும் சேர்த்துப் பழுக்கவைத்துவிடும். ஆர்க்கிட்டும் கார்னேஷனும் இதற்கு ரொம்ப சீக்கிரம் மசிகிற ரகம். இப்போது பழம் ஒரு பக்கம், பூ எதிர்ப் பக்கம். நேர் மேலே மின்விசிறி சுற்றினாலும் பூ காய்ந்துபோகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை ஜாடித் தண்ணீரை மாற்றுவது பூவுக்காக மட்டும் இல்லை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் போதும். தொட்டியின் அடித்தட்டு, வாளி, மழைப் பாட்டில், எல்லாமே அதற்கு வீடுதான். சுகாதார அதிகாரிகள் வந்து ஜென்டிக்-ஜென்டிக் (கொசுப் புழு) நெளிவதைப் பார்த்தால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி சம்மன் எழுதிவிட்டுப் போவார்கள். டெங்கி வந்து படுத்தவர்களுக்கு அபராதமே பரவாயில்லை என்று தோன்றும்.

செலவு கட்டுபடியாகிறதா என்று கேட்பார்கள். சாதாரண நாளில் கட்டுபடி ஆகாது. மண் மூட்டை, விதை, தண்ணீர் எல்லாம் பார்த்தால் பாசாரில் (சந்தையில்) நாலு கொத்து வாங்கிவிட்டுப் போகலாம். ஆனால் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் லிட்டில் இந்தியா பக்கம் போய்ப் பூ விலை கேட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம். விதையில் மட்டும் எச்சரிக்கை: ஆன்லைனில் நீல ரோஜா, வானவில் செவ்வந்தி என்று படம் போட்டு விற்கிறவர்களிடம் காசை விடாதீர்கள். எனக்கு வந்த 'நீல' விதையிலிருந்து முளைத்தது ஏதோ ஒரு கீரை. சுமாராகத்தான் இருந்தது, பொரியலுக்கு.

கடைசியாக நாள் கணக்கு. பண்டிகைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பொங்கல் ஜனவரி நடுவிலேயே நிற்கும், மற்ற இரண்டும் நகரும்: தைப்பூசம் 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. சீனப் புத்தாண்டு 2025-இல் ஜனவரி 29, 2026-இல் பிப்ரவரி 17. போன வருடத் தேதியை வைத்து விதைத்தால் பூ ஒரு பக்கம், பண்டிகை ஒரு பக்கம். பாக்கெட்டில் போட்டிருக்கிற நாட்களையும் நம்ப வேண்டாம், நம் சூட்டில் ஜினியாவும் சூரியகாந்தியும் அதைவிட முந்தும், செவ்வந்தி பிந்தும். அதனால் என் நோட்டில் இருக்கிற நாட்களைத்தான் எடுத்துக்கொள்கிறேன், அதோடு ஒரு வாரம் முன்னும் பின்னும் பிரித்து இரண்டு தவணையாக விதைக்கிறேன். பொங்கலுக்கு வேண்டிய செண்டுமல்லி நவம்பர் தொடக்கத்தில் நாற்றாகிவிட வேண்டும், மழை இன்னும் விடாது என்பதால் நாற்று ஆவ்னிங் அடியில். ஜினியா நவம்பர் நடுவில். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற அன்று வீட்டில் வெட்டின சம்பங்கி கையில் இருக்க வேண்டுமென்றால் கிழங்கை செப்டம்பர் கடைசிக்குள் ஊன்ற வேண்டும், மழையின் உச்சத்தில், மேட்டில். செவ்வந்திப் பல்பை நவம்பர் கடைசியில் கழற்றுகிறேன்.

இந்தத் தவணையில் காஸ்மோஸ் கிடையாது. காம்புக்குக் காம்பு எண்ணிப் பார்த்ததில் அது பிடிக்கிற இடத்துக்கு வாடாமல்லி மூன்று மடங்கு தருகிறது, ஜாடியிலும் காஸ்மோஸ் இதழ் சீக்கிரமே கொட்டிவிடுகிறது. அந்த இடத்தில் பாதி சம்பங்கிக்கு, மீதி அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிற டிசம்பர் பூவுக்கு.